பில்லில் ஐந்து பல், வாயில் மூன்று

தம்பிக்கு 26 வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். பேச்சு வராது, வீல்சேர்தான். மூன்று மாதத்துக்கு முன் திடீரென்று வலது கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். சோறு ஊட்டினால் துப்பினான். இரண்டு நாள் பார்த்துவிட்டு, "பல்லுதாண்டி, வேற எதுவும் இல்ல" என்றார் அம்மா.

பக்கத்தில் ஒரு தனியார் பல் கிளினிக். வாசல் போர்டிலேயே 'மாற்றுத்திறனாளிகளுக்குச் சிறப்பு சிகிச்சை' என்று எழுதியிருந்தது. கிளினிக் மாடியில், லிஃப்ட் கிடையாது. ஆட்டோக்காரரும் நானும் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும்.

"எக்ஸ்ரே எடுக்க இவர் ஒத்துழைக்க மாட்டார்மா" என்று சொல்லி அதை விட்டுவிட்டார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று யாரும் கேட்கவில்லை. என்னையும் அம்மாவையும் வெளியே உட்காரச் சொன்னார்கள். உள்ளே நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள் என்பது அவன் கத்திய கத்தலிலேயே தெரிந்தது. இருபது நிமிடம்தான். ஐந்து பல் அடைத்தாயிற்று என்றார்கள். பல்லுக்கு 1,200, 'ஸ்பெஷல் கேர்' 2,000, ஆக 8,000 ரூபாய். எந்தெந்தப் பல் என்று பில்லில் ஒரு எழுத்து இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம் தாடை வீங்கிவிட்டது. போன் செய்தால், "பல்லைக் கடிச்சிருப்பார், அதனால அடைச்சது பெயர்ந்திருக்கும். மறுபடி கூட்டிட்டு வாங்க, பாதி கட்டணம் போதும்" என்கிறார்கள்.

கூட்டிக்கொண்டு போனேன், ஆனால் அங்கே இல்லை. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. கூட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே டாக்டர் முதலில் கேட்டதே வலிப்பு மருந்தைப் பற்றித்தான். ஃபெனிடோயின் என்ற வலிப்பு மருந்தை நாள்பட சாப்பிட்டால் ஈறு தடித்து வளருமாம், அதன் அடியில் அழுக்கு தங்குமாம். சின்ன வயதில் கொடுத்த இனிப்பு சிரப்பும் பல்லைக் கெடுத்திருக்கலாம் என்றார். வீல்சேரிலேயே சாய்த்து, கண்ணாடியை அவன் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்க விட்டு, அப்புறம்தான் வாய்க்குள் கொண்டுபோனார். கடிக்காமல் இருக்க ரப்பர் கட்டை ஒன்று வைத்தார். எக்ஸ்ரேவும் எடுத்தார்கள். அதே தம்பிதான்!

அடைத்திருந்தது மூன்று பல் மட்டும். மற்றதில் சொத்தை அப்படியே இருந்தது. அடைத்துப் பெயர்ந்திருந்தால் குடைந்த குழியாவது இருக்கும், இதில் கருவியே படவில்லை என்றார் டாக்டர். வலித்த பல்லில் சொத்தையைச் சுரண்டாமலே மேலே பூசியிருக்கிறார்கள். உள்ளே சீழ். கீழ் வரிசையில் வலது பக்கத்துப் பெரிய கடைவாய்ப்பல், 46 என்று எண் சொல்கிறார்கள், அதைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. விட்டுப்போன இரண்டையும் மெஷின் சத்தமே இல்லாமல், கையால் சுரண்டி கிளாஸ் அயனோமர் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள்.

அவனால் வாயைத் திறந்து காட்டவும் முடியாது, சொல்லவும் முடியாது. யார் எண்ணப் போகிறார்கள் என்ற தைரியம். வேறென்ன?

இப்படிப்பட்ட பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்கள் வெளியே போகச் சொன்னால் போகாதீர்கள். பல் எண்ணோடு பில் வாங்குங்கள். முன்னும் பின்னும் எக்ஸ்ரே கேளுங்கள். எல்லோருக்கும் அது முடியாதுதான், முடியாவிட்டால் டார்ச் அடித்து போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்யலாம் என்றால், மயக்க மருந்து டாக்டர் யார், அவசரத்துக்கு என்ன வசதி என்று கேட்டுவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தனியார் மருத்துவமனையிலும் தடையில்லாத வழி வேண்டும் என்றுதான் சொல்கிறது. எங்களுக்கு வாய்த்தது மாடிப்படி.

நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப் போகிறேன். சிகிச்சைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கையில் இருப்பது ஒரு எக்ஸ்ரே, அரசு மருத்துவமனைச் சீட்டு, பல் எண் இல்லாத அந்த பில்.