முத்திரையா, அடிவளையமா? பாட்டி வீட்டுப் பீங்கானின் வயது

துரை பங்களாவிலிருந்து வந்த ஆங்கிலேயத் தட்டு, சீனர் கடையில் வாங்கிய நீலப் பூ ஜாடி. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் பாட்டி விட்டுப்போன பீங்கான் இப்படித்தான் இருக்கும். வயது தெரிய வேண்டுமென்றால் எல்லாரும் கவிழ்த்து முத்திரையைத் தேடுகிறார்கள்.

ஆங்கிலேயத் தட்டுக்கு அது போதும். வைர வடிவப் பதிவு முத்திரை இருந்தால் அந்த வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையே பதிவானது. வெறும் பதிவு எண் என்றால் 1884 முதல். 'மேட் இன் இங்கிலாந்து' பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு. ஜப்பான் கோப்பையில் 'நிப்பான்' என்றால் ஏறக்குறைய 1891–1921.

சீனப் பீங்கானில் இந்தக் கணக்கு காலை வாரிவிடும். காங்ஸி பேரரசர் ஆண்டது 1662–1722. ஆனால் அவர் பெயர் எழுதிய நீல ஜாடிகளை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் ஏராளமாகச் செய்தார்கள். பழைய வேலைப்பாட்டுக்கு அது ஒரு மரியாதை. அந்தப் பெயரை நம்பி விலை பேசினால் இருநூறு வருஷம் பிசகும்.

அதனால் சீனப் பொருளுக்கு நான் அடிவளையத்தின் பக்கம், அதாவது அடியில் மேசையைத் தொடும் வட்ட விளிம்பு. ஜன்னல் வெளிச்சத்தில், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். மேசையில் உராய்ந்து தேய்ந்த கீறல்கள் ஆழமும் திசையும் மாறி மாறி, வளையத்தின் மேடான இடத்தில் மட்டும் இருக்கும். விரலால் தடவினால் அங்கே வழவழப்பு, பக்கத்துச் சரிவில் சொரசொரப்பு. கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் இணையாக ஓடினால் அது உப்புத்தாள் வேலை. அடுத்தது அழுக்கு. ஈரப் பஞ்சால் துடையுங்கள். பழைய அழுக்கு மண்ணின் நுண்துளைக்குள் இறங்கியிருக்கும், சுலபத்தில் வராது. பழசாகக் காட்டப் பூசிய காவி பஞ்சில் ஒட்டும். மேசை படாத உள்குழியிலும் ஒரே சீராகப் பரவியிருக்கும். கண்ணாடி போன்ற பளபளப்புப் பூச்சு முடியும் விளிம்பில் தெரியும் மெல்லிய செம்பழுப்புக் கோட்டை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், அதைப் புதிதாகவும் வரவழைக்கிறார்கள்.

அடிவளையம் வருஷத்தைச் சொல்லாது, தோராயமாகத்தான் காட்டும். அலமாரியிலேயே இருந்த ஜாடியில் தேய்மானமும் இருக்காது. அப்போது பூவேலையை லென்ஸில் பாருங்கள்: ஒரே அளவுப் புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தால் அச்சு ஒட்டிய நவீனச் சரக்கு.

பார்த்து முடிக்கும்வரை கழுவ வேண்டாம், வளையத்து அழுக்குதான் சாட்சி. பிறகும் குளோரோக்ஸ் மாதிரி வெளுப்பான் கூடாது. மயிரிழை வெடிப்புக்குள் இறங்கி, நாளடைவில் பூச்சைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். பிளாஸ்டிக் பேசினில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரும் சில சொட்டுப் பாத்திரச் சோப்பும் போதும். தங்கக் கோட்டில் மட்டும் தேய்க்காதீர்கள்.