ஐந்து பேர் கம்பெனியில் ஆறு வருடம் கிட்

ஐந்து பேர் மட்டும் இருக்கும் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆறு வருடமாக புரோகிராமராக இருக்கிறேன். இத்தனை நாளில் எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் கிட் (Git) என்பேன். புரோகிராம் கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேர்த்து வைக்கும் கருவி அது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கட்டளைகளைத்தான் சொல்லித் தருகிறார்கள். ஆள் குறைந்த இடத்தில் அது எப்படி உதவுகிறது, எங்கே காலை வாருகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் முதல் இரண்டு வருடம் எனக்கு அவ்வளவு சிரமமாக இருந்திருக்காது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் குழுவுக்கு, இதே வேலையைச் செய்யும் பிட்கீப்பர் என்ற கருவியை இலவசமாகப் பயன்படுத்தும் உரிமை போனபோது, 2005 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பித்தது இது. உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஒரு பெரிய கூட்டத்துக்காகச் செய்த கருவி ஐந்து பேருக்கு எதற்கு என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் பெரிய கம்பெனியில் ஒருவர் போனால் அதே கோடு தெரிந்த இன்னொருவர் பக்கத்திலேயே இருப்பார், எங்களிடம் ஒரு மாட்யூலுக்கு (மென்பொருளின் ஒரு பகுதிக்கு) ஒரே ஆள்தான், அவர் வேலையை விட்டால் அவருக்குத் தெரிந்ததும் அவரோடு போய்விடும். மிஞ்சுவது கிட் வரலாறு ஒன்றுதான்.

அதை நான் நன்றாக உணர்ந்தது ஒரு பில்லிங் கோளாறில். மொத்தத் தொகை சில பில்களில் மட்டும் கடைசி தசமத்தில் தவறாக வந்தது. எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியவில்லை, சரியாக இருந்த பழைய வெளியீட்டுக்கும் அன்றைய கோடுக்கும் நடுவே 700 கமிட்டுகளுக்கு (கிட்டில் பதிவு செய்த மாற்றங்களுக்கு) மேல் இருந்தன. இரண்டு நாள் கண்ணால் தேடிவிட்டு, அப்புறம்தான் கிட்டின் பைசெக்ட் கட்டளை ஞாபகம் வந்தது. நல்ல கமிட் ஒன்று, கெட்ட கமிட் ஒன்று காட்டினால் போதும், நடுவில் ஒன்றை எடுத்துத் தரும், சோதித்துப் பார்த்து சரியா தவறா என்று சொல்ல வேண்டும், உடனே பாதியைக் கழித்துவிடும். பாதி பாதியாகக் குறைவதால் 1,000 கமிட்டுகள் இருந்தாலும் சுமார் 10 தடவையில் முடிந்துவிடும். எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

கோளாறைக் கொண்டுவந்த கமிட் கிடைத்தது, ஆனால் அதோடு எழுதிவைத்த செய்தி ‘சின்ன மாற்றம்’ என்று இருந்தது. உள்ளே 40 கோப்புகள் மாறியிருந்தன. எழுதியவர் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. என்ன மாறியது என்பதை கிட் ஒரு எழுத்து விடாமல் காட்டும், ஏன் மாறியது என்பதை நாம் எழுதினால்தான் அதற்குத் தெரியும். அன்றிலிருந்து, ஒரு கமிட்டில் ஒரு வேலை, செய்தியில் காரணம் என்று வைத்துக்கொண்டோம். ‘வாடிக்கையாளர் தள்ளுபடியை வரிக்கு முன்னால் கழிக்கச் சொன்னார்’ என்று ஒரு வரி இருந்தால் அடுத்து வருகிறவருக்கு அரை நாள் மிச்சம்.

பயப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். கமிட் செய்த வேலை அவ்வளவு சுலபமாகத் தொலைவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்களில் ஒருவர் ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் இருப்பதன் மேல் தன்னுடையதைக் கட்டாயமாக ஏற்றுவது) கொடுத்து, இரண்டு நாள் வேலை சர்வரில் காணாமல் போனது. என் கணினியின் ரீஃப்ளாக்கில், அதாவது எந்தெந்த கமிட்டில் இருந்தோம் என்று கிட் வைத்திருக்கும் குறிப்பில், அந்தக் கமிட் இருந்தது, பத்து நிமிடத்தில் திரும்பக் கொண்டுவந்தோம். எந்த பிரான்ச்சோடும் (வேலையைத் தனியாகப் பிரித்து வைக்கும் கிளையோடும்) சேராமல் போன கமிட்டுகளின் பதிவையும் அது வழக்கமான அமைப்பில் 30 நாள் வைத்திருக்கும். ஆனால் கமிட்டே செய்யாத வேலைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, அதனால் சாயங்காலம் எழுந்து போகும் முன் அரைகுறையாக இருந்தாலும் தனி பிரான்ச்சில் போட்டுவிடுங்கள்.

குறைகளும் உண்டு. கட்டளைப் பெயர்கள் புதியவரைக் குழப்பும். செக்அவுட் என்ற ஒன்றே பிரான்ச்சையும் மாற்றும், கோப்பில் செய்த மாற்றத்தையும் அழிக்கும். 2019-இல் வந்த 2.23 பதிப்பில் இவற்றை ஸ்விட்ச், ரெஸ்டோர் என்று பிரித்தார்கள், புதிதாகக் கற்பவர்கள் அந்த இரண்டையுமே பழகுவது நல்லது. பெரிய டிசைன் கோப்புகளை உள்ளே போட்டால் ரெப்போ (கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கு) ஊதிவிடும், பிறகு அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். கடவுச்சொல்லும் அப்படித்தான். தெரியாமல் உள்ளே போய்விட்டால் அடுத்த கமிட்டில் நீக்கி பயனில்லை, கடவுச்சொல்லையே மாற்றியாக வேண்டும். அப்புறம், கிட்டில் எல்லாம் இருக்கிறது என்று நம்பி டேட்டாபேஸ் பேக்அப்பை விட்டுவிடாதீர்கள், கிட்டில் இருப்பது கோடு மட்டும்தான்.

பிரிந்த பிரான்ச்களைச் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு, அதில் ரிபேஸா மெர்ஜா என்ற சண்டையில் நாங்கள் நேரம் செலவழிக்கவில்லை. ஐந்து பேருக்கு மெர்ஜ் போதும்.

கிட் இலவசம், ஜிபிஎல் 2 என்ற திறந்த மூல உரிமம், சர்வர் இல்லாமல் உங்கள் ஒரு கணினியிலேயே ஓடும். தனியாக வேலை செய்தாலும் முதல் நாளிலிருந்து பயன்படுத்துங்கள். அந்த பில்லிங் கோளாறை ஒரே கோப்பில் சரிசெய்தோம். மற்ற 39 கோப்புகளில் அவர் ஏன் கை வைத்தார் என்று இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது, அந்தக் கோடைத் தொடவும் யாரும் துணிவதில்லை.