யூரோ கார்டில் யூரோ பில் கட்டியும் 146 யூரோ போச்சு

ஊர் திரும்பி நான்கு நாள்தான் ஆகிறது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிவிட்டால் ‘சரி, போனது போகட்டும்’ என்று நானே விட்டுவிடுவேன். அதைத்தான் விடுதிக்காரர்களும் கார்டு நிறுவனத்தாரும் எதிர்பார்க்கிறார்கள்.

ஐரோப்பாவில் விடுதி பில் கட்டும்போது போனது 146 யூரோ. யாரும் பர்ஸை அடிக்கவில்லை, கார்டை யாரும் நகலெடுக்கவில்லை. நானே கார்டை நீட்டி, நானே பின் நம்பரை அழுத்தி, கூடவே நன்றியும் சொல்லிவிட்டு வந்த 146 யூரோ.

இத்தனைக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பிய ஆள் இல்லை. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, வெளிநாட்டில் பணம் செலவழிக்க எது மலிவான வழி என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாணயம் மாற்றும் கடையில் நோட்டு வாங்கினால் வாங்கும் ரேட், விற்கும் ரேட் என்று இரண்டு இருக்கும். ‘கமிஷன் இல்லை’ என்று வாசலில் எழுதியிருந்தாலும் அந்த இரண்டு ரேட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அவர்கள் லாபம். கிரெடிட் கார்டில் தேய்த்தால் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம், பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதம் வரை. அதே கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுத்தால் தனியாக ஒரு கட்டணம், அதோடு பெரும்பாலான கார்டுகளில் எடுத்த நாளிலிருந்தே வட்டி. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளும் ஒரு ஃபாரெக்ஸ் கார்டு. செயலியிலேயே வாங்கலாம், செயலியிலேயே யூரோ ஏற்றலாம். முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் ‘மார்க்கப் பூஜ்யம்’, அதாவது நாணயம் மாற்றுவதற்கென்று கூடுதல் கட்டணம் இல்லை என்று போட்டிருந்தார்கள்.

வாங்குவதற்கு முன் அவர்களுடைய சாட்டில் போய்க் கேட்டேன். “கார்டில் யூரோ இருக்கிறது, பில்லும் யூரோவில் வருகிறது. அப்படியென்றால் எந்த மாற்றுக் கட்டணமும் வராதுதானே?” உடனே பதில் வந்தது: “வராது மேடம், நிம்மதியாகப் போய் வாருங்கள்.” அந்த ஸ்க்ரீன்ஷாட் இன்னும் என்னிடம் இருக்கிறது. 2,000 யூரோ ஏற்றினேன். ஏற்றும்போது அவர்கள் கொடுத்த ரேட்டே சந்தை ரேட்டை விடக் கொஞ்சம் கூடுதல்தான். பூஜ்யம் என்பது கட்டணத்துக்குத்தானே தவிர ரேட்டுக்கு இல்லை. அது அன்றைக்கே லேசாக உறுத்தியது, ஆனாலும் விட்டுவிட்டேன். அதை இந்த 146-இல் சேர்க்கவில்லை.

கூட வந்தவர் அப்பா. அவர் கேட்டது ஒரே கேள்வி: “ஏம்மா, எல்லாம் பூஜ்யம்னா அவன் எதுல சம்பாதிக்கிறான்?”

நான் சிரித்தேன். “அப்பா, இப்பல்லாம் அப்படித்தான்” என்றேன். எப்படித்தான் என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை. அவர் பாட்டுக்குப் போய் 600 யூரோவை நோட்டாக வாங்கி, பத்திரமாக உள் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது எனக்கு அதிகமாக வலிப்பது எது தெரியுமா? இந்த ஏமாற்று என்னவென்று எனக்கு ஏற்கனவே தெரியும். போன இரண்டாம் நாள் தெருவோர ஏடிஎம் ஒன்றில் 100 யூரோ எடுக்கப் போனேன். திரையில் எங்கள் நாட்டுப் பணத்தில் ஒரு தொகை. கீழே பளிச்சென்று ஒரு பட்டன்: ‘மாற்றத்தை ஏற்கிறேன்’. ஓரத்தில் மங்கலாக இன்னொன்று: ‘மாற்றம் வேண்டாம்’. வேண்டாம் என்று அழுத்தினால் பணமே வராது என்று பயமுறுத்துகிற மாதிரிதான் அந்தத் திரையை அமைத்திருக்கிறார்கள். ஆனால் வரும். நான் ‘வேண்டாம்’ என்று அழுத்தினேன், 100 யூரோ சமர்த்தாக வந்தது. அப்பாவிடம் திரும்பி, இப்படி மெஷினே அதன் ரேட்டில் நம் நாட்டுப் பணமாக மாற்றிப் போடுவதற்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன், சுருக்கமாக டிசிசி என்று பெயர், உள்ளூர் நாணயத்தில்தான் எப்போதும் போட வேண்டும் என்று ஒரு பாடமே எடுத்தேன். அவ்வளவு விவரம்! மெஷினை நம்பாதவள், நான்கு நாள் கழித்து ஒரு மனுஷி கேட்டதும் கார்டை நீட்டிவிட்டேன்.

கடைசி நாள் காலை. இரண்டு அறை, ஐந்து இரவு, மொத்த பில் 1,240 யூரோ. விமான நிலையத்துக்கான பஸ் இருபது நிமிடத்தில். ரிசப்ஷனில் இருந்த பெண் ஐந்து நாளும் எங்களிடம் அவ்வளவு அன்பாக இருந்தார். அப்பாவுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை என்று சொன்னதும் கேட்காமலே கீழ்த்தள அறைக்கு மாற்றிக் கொடுத்தவர். மருந்துக்கடை எங்கே என்று கேட்டதற்கு வாசல் வரை வந்து வழிகாட்டியவர். அவர் கார்டை வாங்கி, ஸ்வைப் மெஷினில் செருகி, மெஷின் அவர் பக்கம் இருக்கும்போதே எதையோ ஒரு தட்டு தட்டினார். பிறகு பின் நம்பருக்காக என் பக்கம் திருப்பினார். திரையில் யூரோ இல்லை. எங்கள் நாட்டுப் பணத்தில் ஒரு நீளமான எண்.

“இது என்ன?” என்று கேட்டேன். கேட்டேன் என்பது மட்டும்தான் எனக்கு இப்போது ஆறுதல். “உங்கள் நாட்டுப் பணத்திலேயே போட்டிருக்கிறேன். எவ்வளவு செலவானது என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும், வசதியாக இருக்கும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பின்னால் நான்கு பேர் பெட்டியோடு நிற்கிறார்கள். அப்பா வாசலில் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இவ்வளவு நல்ல பெண்ணிடம் போய் ‘ரத்து செய்துவிட்டு மறுபடி போடுங்கள்’ என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. பின் நம்பரை அழுத்தினேன். அந்தக் கூச்சத்தின் விலை 146 யூரோ.

பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும்போது செயலியில் செய்தி வந்தது: உங்கள் யூரோ இருப்பிலிருந்து 1,386 யூரோ கழிக்கப்பட்டது.

பில் 1,240. கார்டில் இருப்பதும் யூரோ. எப்படி 1,386? விமானம் ஏறும் வரை ரசீதையும் செயலியின் நிபந்தனைகளையும் மாறி மாறிப் படித்துத்தான் புரிந்தது. கார்டு எந்த நாட்டில் வழங்கப்பட்டது என்பது அதன் முதல் சில எண்களிலேயே மெஷினுக்குத் தெரிந்துவிடும். அதை வைத்து அது 1,240 யூரோவை எங்கள் நாட்டுப் பணமாக மாற்றியது. அந்த ரேட்டில் 8 சதவீதம் கூடுதல். அங்கே போனது 99 யூரோ. இப்போது கார்டு நிறுவனத்துக்கு வந்து சேரும் தொகை யூரோ இல்லை, எங்கள் நாட்டுப் பணம். கார்டிலோ யூரோ மட்டும்தான் இருக்கிறது. ஆகவே அதை மறுபடி யூரோவாக மாற்றுகிறார்கள். அதற்கு கிராஸ் கரன்சி மார்க்கப் என்று 3.5 சதவீதம், நிபந்தனைகளில் எங்கேயோ அடியில். இங்கே 47 யூரோ. யூரோவிலிருந்து கிளம்பி யூரோவுக்கே வந்து சேர ஒரு வெட்டி ஊர்வலம், அதற்கு மொத்தச் செலவு 146 யூரோ. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுமக்கவே தேவையில்லாத சுமைக்குக் கூலி.

ஊர் வந்ததும் முதலில் விடுதிக்கு எழுதினேன். மறுநாள் பதில்: “நீங்கள் பின் நம்பர் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். மாற்று விகிதம் எங்கள் கையில் இல்லை, உங்கள் வங்கியைக் கேளுங்கள்.” விகிதம் அவர்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த 8 சதவீதத்தில் வியாபாரிக்கும் ஒரு பங்கு போவதுதான் இந்த ஏற்பாட்டின் வழக்கம். அந்தப் பெண் அவ்வளவு வேகமாக அந்த பட்டனைத் தட்டியது ஏன் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அவரைக் குறை சொல்லவும் முழுசாக மனம் வரவில்லை, யாரோ அப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

அடுத்து கார்டு செயலி. வாங்கும் வரை நொடியில் பதில் சொன்ன அதே சாட்டில் இப்போது ஒரு ரோபோ. “உங்கள் பிரச்சினை என்ன? 1. கார்டு தொலைந்தது 2. பின் மறந்தது 3. பணம் ஏற்ற வேண்டும்.” நான்காவதாக ‘நீங்கள் என்னை ஏமாற்றிவிட்டீர்கள்’ என்று ஒன்று இல்லை. மனிதரோடு பேச வேண்டும் என்று ஆறு தடவை எழுதிய பிறகு ஒருவர் வந்தார். “வியாபாரி எந்த நாணயத்தில் பில் போடுகிறார் என்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை மேடம்.” சரி, அந்த 99-க்குப் பொறுப்பில்லை, இந்த 47 யூரோ உங்களுடையதுதானே என்றேன். ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினேன். “பில் யூரோவில் வந்தால் கட்டணம் இல்லை என்றுதான் எங்கள் பிரதிநிதி சொல்லியிருக்கிறார், உங்கள் பில் யூரோவில் வரவில்லையே” என்றார். வாயடைத்துப் போனேன். 48 மணி நேரத்தில் மேலதிகாரி கூப்பிடுவார் என்றார்கள். கூப்பிடவில்லை. புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று மட்டும் மின்னஞ்சல் வந்தது, கூடவே நல்லெண்ண அடிப்படையில் அடுத்த முறை பணம் ஏற்றும்போது பயன்படுத்த 5 யூரோ கூப்பன். 146 யூரோவுக்கு 5 யூரோ கூப்பன்!

கார்டின் பின்பக்கம் பெயர் இருக்கிற வங்கியையும் விடவில்லை. கார்டு எங்களுடையது, வாடிக்கையாளர் அந்தச் செயலியுடையவர், அங்கேயே கேளுங்கள் என்றார்கள். கழுவுற மீனில் நழுவுற மீன்கள்.

இதற்கு நடுவில் கொஞ்சம் படித்தும் பார்த்தேன். படித்ததில் கோபம் கூடியதுதான் மிச்சம். 2020 ஏப்ரல் 19 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது: கடையிலோ ஏடிஎம்மிலோ இப்படி நாணயத்தை மாற்றிப் போட்டால், ஐரோப்பிய மத்திய வங்கியின் ரேட்டை விட அது எத்தனை சதவீதம் கூடுதல் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். என் ரசீதிலேயே அந்த 8 சதவீதம் எறும்பு சைஸில் அச்சாகியிருந்தது. ஆனால் ரசீது கைக்கு வந்தது பணம் போன பிறகு. அதற்கு முன் திரையில் அது வந்திருந்தால், மெஷின் அந்தப் பெண்ணின் பக்கம் இருந்தபோது வந்திருக்கும். அதற்கும் கீழே இன்னொரு வரி: எந்த நாணயம் என்று என்னிடம் கேட்கப்பட்டது, நானே தேர்ந்தெடுத்தேன் என்று. என்னிடம் யார் கேட்டார்கள்? விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதிகளும் தேர்வு வாடிக்கையாளருடையது, வியாபாரி தானாக முடிவு செய்யக் கூடாது என்கின்றன. அதைச் சுட்டிக்காட்டி செயலிக்கு மறுபடி எழுதி, தகராறாகப் பதிவு செய்யச் சொன்னேன். பின் நம்பர் சரியாகப் போடப்பட்டதால் பரிவர்த்தனை செல்லும் என்று பதில். பின் நம்பர் போட்டது நான்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை, நாணயத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. அதற்கு மட்டும் பதிலே வரவில்லை.

அப்பாவின் 600 யூரோ என்ன ஆனது என்று சொல்லவில்லையே. அவர் நோட்டு வாங்கிய ரேட்டைச் சந்தை ரேட்டோடு வைத்துப் பார்த்தேன். 2 சதவீதம் சொச்சம்தான் கூடுதல் கொடுத்திருக்கிறார், அதாவது பதின்மூன்று யூரோ போல. நான் தாளில் கோடு போட்டு ‘பழைய முறை, நஷ்டம்’ என்று ஒதுக்கிய வழி அது. அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடப் பரவாயில்லை.

எது உண்மையிலேயே மலிவு என்று ஒவ்வொரு வழியாக விரிவாக எழுதுவதாகத்தான் ஆரம்பித்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

மெஷின் திரையில் உங்கள் நாட்டுப் பணம் தெரிந்தால் பின் நம்பரைத் தொடாதீர்கள். ரத்து செய்து உள்ளூர் நாணயத்தில் போடச் சொல்லுங்கள், பின்னால் நாற்பது பேர் நின்றாலும் சரி. பின் போட்ட பிறகு பார்த்தால் கூட அந்த இடத்தை விட்டு நகராமல் அப்போதே ரத்து செய்ய வையுங்கள். பிற்பாடு திருப்பித் தருகிறேன் என்றால் அந்தப் பணமும் வேறு ரேட்டில் மாறித்தான் வரும். ஃபாரெக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது இரண்டு மடங்கு முக்கியம், எனக்கு ஆன மாதிரி இரண்டு முறை மாறும். வாங்கும் முன் நிபந்தனைகளில் ‘கிராஸ் கரன்சி’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். விசா, மாஸ்டர்கார்டு இணையதளங்களில் அன்றன்றைய ரேட்டைக் கணக்கிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது, எந்த பூஜ்யத்தையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள். செக் குடியரசுக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: அங்கே நாணயம் மாற்றும் கடையில் ஏமாந்தால் 3 மணி நேரத்துக்குள் போய் ரத்து செய்யலாம், 1,000 யூரோ மதிப்பு வரைக்கும், 2019-இலிருந்து சட்டமே இருக்கிறது. கார்டுக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் விமானத்தை விட்டுவிட்டாவது திரும்பிப் போயிருப்பேன்.

இன்னும் ஒன்று, ஓட்டலில் அறை எடுக்கும்போது டெபாசிட்டுக்கு ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுக்காதீர்கள். முதல் நாள் அவர்கள் பிடித்து வைத்த 200 யூரோ இன்னும் என் கார்டுக்குத் திரும்பவில்லை. விடுதி ‘விடுவித்துவிட்டோம்’ என்கிறது, செயலி ‘வரவில்லை’ என்கிறது. வாடிக்கையாளர் சேவையின் காத்திருப்பு இசை இப்போது ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருக்கிறது, இருபத்திரண்டாவது நிமிடம். யாரோ எடுக்கிற மாதிரி இருக்கிறது.