ஈயக் குண்டா, இரும்புத் துண்டா, பித்தளை பட்டனா: வீட்டு ஷெல்ஃப்ல எது தாங்கும்?

நான் இருக்கிறது வர்ஜீனியால மனாசஸ் பக்கம். 1861 ஜூலை 21 அன்னைக்கு அமெரிக்க உள்நாட்டுப் போரோட முதல் பெரிய சண்டை நடந்த எடம், அடுத்த வருஷம் ஆகஸ்ட் கடைசில அதே மண்ணுல மறுபடியும் அடிச்சுக்கிட்டாங்க. காய்கறி வாங்கப் போற வழியிலயே பழைய பீரங்கி வரிசையா நிக்கும். இதையே தினம் பாத்துட்டு இருந்தா ஒரு நாள் ஆசை வரத்தான் செய்யும், எனக்கும் வந்துச்சு, ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ரிலிக் ஷோவுக்கு, அதாவது போர்க்களத்துப் பழைய சாமான் விக்கிற சந்தைக்கு, சும்மா வேடிக்கை பாக்கப் போயி கைல பீரங்கிக் குண்டு உடைஞ்ச ஒரு இரும்புத் துண்டோட வீட்டுக்கு வந்தேன். அப்புறம் சிப்பாய் சட்டைப் பித்தளை பட்டன் ஒண்ணு, அதுக்கப்புறம் துப்பாக்கில போடுற ஈயக் குண்டு. மூணையும் வச்சுப் பாத்துட்டு இப்ப ஈயக் குண்டு கட்சில சேந்துட்டேன், அதனால இது நடுநிலையான அலசல்னு நினைச்சு படிக்காதீங்க.

முதல்லயே ஒண்ணு. சண்டை நடந்த எடம் இப்ப பார்க், அதுக்குள்ள மெட்டல் டிடெக்டரை தூக்கிட்டு போயி நாமளே தோண்டலாம்னு யோசிக்கவே வேண்டாம், அது அரசு நிலம், 1979ல வந்த தொல்பொருள் பாதுகாப்பு சட்டப்படி அபராதம் ஜெயில் ரெண்டும் உண்டு, விசால இருக்கிறவங்க சொல்லவே வேணாம். மார்க்கெட்ல நேர்மையா வர்ற சரக்கு தனியார் நிலத்துல, ஓனர்கிட்ட கேட்டுத் தோண்டினது. எந்த ஊர்ல, யாரோட பண்ணையில கெடச்சதுன்னு சீட்டு இருக்கான்னு பாத்து வாங்குங்க. சீட்டு இல்லன்னா அது வெறும் உலோகம்தான்.

விலைல பெருசா பேச ஒண்ணுமில்ல. சாதாரண ஈயக் குண்டு நான் வாங்குனப்ப ஒண்ணு அஞ்சு டாலர், ஷெல், அதாவது உள்ள மருந்து வச்ச பீரங்கிக் குண்டு, உடைஞ்ச துண்டு இருபத்தஞ்சு, கழுகு போட்ட யூனியன் (வடக்குப் படை) பட்டன் முப்பதைத் தாண்டிச்சு. பெல்ட் பிளேட்டுன்னு, அதாவது இடுப்பு பெல்ட் பக்கிள்னு போனா நூத்துக்கணக்குல, எதிர்த்து சண்டை போட்ட தெற்கத்தி ஆளுங்களோட சிஎஸ்னு எழுத்து போட்ட பிளேட்னா ஆயிரக்கணக்குல, அதுலதான் போலியும் கொள்ளை கொள்ளையா இருக்கு. திருப்பி விக்கிற கணக்கு போடுறவங்க இந்தப் பக்கமே வராதீங்க, நகைக்கடைக்குப் போங்க.

எனக்கு எல்லாத்தையும் முடிவு பண்ணினது பராமரிப்பு ஒண்ணுதான்.

இரும்பை எடுத்துக்குங்க. கைல வச்சா கனமா இருக்கும், உடைஞ்ச ஓரத்தைப் பாத்தாலே என்ன நடந்துச்சுன்னு வயித்தைக் கலக்கும், ஷோவுல பாக்குறப்ப இதுக்கு முன்னாடி வேற எதுவும் நிக்காது. ஆனா நூத்தம்பது வருஷத்துக்கு மேல மண்ணுல கெடந்த வார்ப்பிரும்பு உப்பை உறிஞ்சு வச்சிருக்கும். வெளிய எடுத்து காத்து பட்டதும் அந்த உப்பு ஈரத்தை இழுக்க ஆரம்பிச்சுடும். பெசன்ட் நகர் பக்கம் கடலோரமா வீடு இருக்கிறவங்களுக்கு கிரில் கேட் என்ன ஆகும்னு தெரியும்ல, அதேதான், என்ன ஒண்ணு இங்க உள்ளேருந்து வெளிய வரும். வாங்கின முதல் ஜூலைலயே என் துண்டு மேல ஆரஞ்சு கலர்ல குட்டிக் குட்டியா வேர்வை மாதிரி துளி நின்னுச்சு. அழுவுதுன்னு சொல்றாங்க இதைச் சேக்குற ஆளுங்க, பொருத்தமான பேருதான். ஒரு மாசத்துல ஓரத்துலேருந்து அப்பளம் மாதிரி ஒரு தகடு கழண்டு விழுந்துச்சு.

இதுக்கு வைத்தியம் இருக்கு. சலவை சோடா கரைச்ச தண்ணில போட்டு குறைஞ்ச கரண்ட் விட்டு வாரக்கணக்குல, சிலதுக்கு மாசக்கணக்குல ஊற விடணும், தண்ணிய மாத்தி மாத்தி உப்பை எறக்கணும், அப்புறம் டானிக் ஆசிட் அடிச்சு காய விட்டு மெழுகு பூசணும். இவ்வளவும் பண்ணின பிறகும் காத்துல ஈரம் ஏறாம பாத்துக்கணும். இந்த ஊரு வெயில் காலத்துல பேஸ்மென்ட்ல டீஹியூமிடிஃபையர் ஒரு நாள் நின்னாலும் திரும்ப ஆரம்பிச்சுடும். நான் சிலிக்கா ஜெல் பாக்கெட்டை மாத்தி மாத்தி ஓவன்ல காய வச்சு ஓஞ்சு போயிட்டேன். குழந்தை வளக்குறதே ஈசி.

அதோட உடையாத முழு ஷெல் கதையே வேற, நான் வாங்கினதில்ல, வாங்கவும் மாட்டேன். உள்ள கருமருந்து இன்னும் உயிரோட இருக்கலாம். 2008ல இதே வர்ஜீனியால செஸ்டர்ங்கிற ஊர்ல வருஷக்கணக்கா இந்த வேலையே பண்ணிட்டிருந்த ஒருத்தர் ஒரு பழைய கடற்படைக் குண்டை சுத்தம் பண்றப்ப அது வெடிச்சு செத்துட்டார். இன்னொண்ணு, பீரங்கிக் குண்டுன்னு விக்கிற இரும்பு உருண்டைல நெறைய மில்லுல அரைக்கப் போடுற உருண்டையா இருக்கும், ஸ்கூல் ஷாட்புட்டா கூட இருக்கும், நானே ஒரு மேஜைல பாத்தேன்.

பித்தளை நடுவுல நிக்குது. என்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு பட்டன், பின்னாடி ஸ்கோவில்னு கம்பெனி பேரு வளைவா அடிச்சிருக்கும், லென்ஸ் வச்சு பாத்தா எழுத்து இன்னும் கூர்மையா இருக்கு. நாலு வருஷமா ஒரு மாத்தமும் இல்ல. பித்தளைல வெளிர்பச்சையா மாவு மாதிரி புள்ளி வந்தா அதுவும் உப்பு வேலைதான், பரவும்னு சொல்றாங்க, எனக்கு வரல. ஒத்தை பட்டனை வச்சுக்கிட்டு பித்தளையே தங்கம்னு நான் சர்டிஃபிகேட் குடுக்க மாட்டேன். பிரசோ போட்டு மட்டும் தேச்சுடாதீங்க, குத்துவிளக்கு இல்ல அது.

சரி, நம்ம ஆளு ஈயக் குண்டுக்கு வருவோம். இங்க மினி பால்னு சொல்லுவாங்க, குட்டி பந்துன்னு அர்த்தம் இல்ல, மினியேன்னு ஒரு பிரெஞ்சு ராணுவ அதிகாரி 1849ல கொண்டு வந்தது, அவர் பேரு தேஞ்சு மினி ஆயிடுச்சு. பந்து வடிவமும் கிடையாது, கூம்பு மாதிரி, அடில குழி. சுட்டதும் கேஸ் அந்தக் குழில அழுத்தி ஈயம் விரிஞ்சு துப்பாக்கிக் குழாய்ல உள்ள திருகுத் தடத்தைக் கவ்விக்கும். உள்ளங்கைல வச்சுப் பாருங்க, ஒரு அங்குலம்தான் இருக்கும், எடை 32 கிராம், நாலு பவுன். நாலு பவுன் சங்கிலி கழுத்துல எவ்வளவு கனம்னு நம்ம வீட்டுல எல்லாருக்கும் தெரியும், அது அந்த வேகத்துல எலும்புல பட்டா கையையோ காலையோ வெட்டி எடுக்கிறதைத் தவிர அந்தக் கால டாக்டருக்கு வழியே இல்லாம போனது ஏன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது.

பராமரிப்புன்னு பாத்தா ஈயம் கிட்டத்தட்ட சும்மா கெடக்கும். மண்ணுல இருந்தப்பவே மேல வெள்ளையாவோ சாம்பலாவோ ஒரு தோல் பிடிச்சுக்கும், அதுவே கவசம், அதைத் தேச்சு பளபளப்பாக்கினா விலையும் போச்சு அழகும் போச்சு.

ஆனா ஒரே ஒரு எதிரி இருக்கு, அதை நான் காசு குடுத்து வாங்கிட்டு வந்தேன். குண்டுக்கு மரியாதையா இருக்கட்டும்னு ஓக் மரத்துல கண்ணாடி மூடி போட்ட பெட்டி, குண்டெல்லாம் சேந்த விலைய விட அதிகம். எட்டு மாசம் தொறக்கல. தொறந்தா லேசா காடி வாடை, பன்னெண்டுல அஞ்சு குண்டு மேல கோலமாவு தூவின மாதிரி வெள்ளைப் பொடி, விரல்ல ஒட்டுது. ஓக் மரம் அசிட்டிக் ஆசிட் ஆவியை விட்டுக்கிட்டே இருக்குமாம், மூடின பெட்டில அது ஈயத்தை அரிச்சு வெள்ளைப் பொடியாக்கிடும். அந்தக் காலத்துல வெள்ளை பெயின்ட்டுக்கு ஈயத்தையும் வினிகரையும் சாணிக்குள்ள வச்சு வேணும்னே செஞ்ச வேலைய நான் ஹால்ல தெரியாம செஞ்சிருக்கேன். பழைய தோலா புதுப் பொடியான்னு குழப்பம்னா கறுப்புத் துணில லேசா ஒத்திப் பாருங்க, தோல் ஒட்டாது, பொடி ஒட்டும். வாயால ஊதிடாதீங்க. ஈயம்னதும் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு ஞாபகம் வரும், அது வெள்ளீயம், இது காரீயம், விஷம், தொட்டா சோப்பு போட்டு கை கழுவணும், குழந்தை கைக்கு எட்டவே கூடாது. இப்ப எல்லாம் அக்ரிலிக் பெட்டிக்கு மாறியாச்சு, மூணு வருஷமா பொடி இல்ல, வேலையும் இல்ல.

ஈயத்துக்குள்ளயே வெரைட்டியும் இருக்கு, போர் அடிக்காது. மூணு வளையம் போட்டது யூனியன்ல சகஜம், ரெண்டு வளையம் உள்ள கார்ட்னர் தெற்கத்தி சரக்கு, குழாய சுத்தம் பண்றதுக்குன்னு அடில துத்தநாகத் தட்டு வச்ச வில்லியம்ஸ்னு ஒண்ணு. எனக்குப் பிடிச்சது வளையமே இல்லாத என்ஃபீல்டு துப்பாக்கிக் குண்டு. 1857ல கொழுப்பு தடவின தோட்டானு நம்ம சிப்பாய்ங்க கொதிச்சாங்களே, அதே 1853 மாடல் துப்பாக்கி, நாலு வருஷம் கழிச்சு ரெண்டு தரப்புமே இங்கிலாந்துலேருந்து லட்சக்கணக்குல இறக்குமதி பண்ணி ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்டாங்க.

வீட்டுல டிஸ்பிளே வைக்கிறதுல இன்னொரு சிக்கல், வீட்டம்மா. முதல் குண்டைக் காட்டினப்ப "ஏங்க, இது யாரையாச்சும் கொன்னதா?"ன்னு கேட்டா. சுட்டதுன்னா பக்கவாட்டுல திருகுத் தடம் இருக்கும், மூக்கு நசுங்கியிருக்கும், எதுல பட்டுச்சோ யாருக்குத் தெரியும். கை நடுங்கி கீழ விழுந்தது, மழைல நனைஞ்சு தூக்கிப் போட்டது எல்லாம் அச்சு கலையாம முழுசா இருக்கும், அதை டிராப்டுன்னு விப்பாங்க, கொஞ்சம் விலை கூட. ஹால்ல டிராப்டு மட்டும்தான்னு உத்தரவு. பல்லுத் தடம் இருக்கிற குண்டைக் காட்டி ஆபரேஷன்ல வலி தாங்காம கடிச்சதுன்னு கதை விட்டா நம்பாதீங்க, பெரும்பாலும் பன்னி மென்னது.

ஊருக்கு எடுத்துட்டுப் போற ஐடியாவை நான் விட்டுட்டேன். ஏர்போர்ட் ஸ்கேனர்ல குண்டு வடிவம் தெரிஞ்ச பிறகு அவங்ககிட்ட நின்னு மினியே வரலாறு சொல்ற தெம்பு எனக்கு இல்ல.

அந்த முதல் இரும்புத் துண்டு இப்ப ஜிப்லாக் கவர்ல, சிலிக்கா ஜெல்லோட, கராஜ் அலமாரில. எடை மெஷின்ல வச்சா வாங்கினதை விட 40 கிராம் கம்மி.