லண்டன் துப்பறிவாளரா, ஊர்க் காவலரா?

விக்டோரியா காலத்து இங்கிலாந்து கிராமத்தை வைத்துத் துப்பறியும் தொடர் எழுதுபவருக்கு முதல் கேள்வி, நாயகன் யார் என்பதுதான். லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ரயிலேறி வருபவரா, அந்த ஊரிலேயே ரோந்து போகிறவரா?

லண்டன்காரருக்குச் சரியான முன்மாதிரி, ஸ்காட்லாந்து யார்டின் நிஜத் துப்பறிவாளர் ஜோனதன் விச்சர். 1860 ஜூலையில், வில்ட்ஷயர் எல்லையில் உள்ள ரோடு (Road) என்ற கிராமத்துக்கு ஒரு சிறுவனின் கொலையை விசாரிக்க வந்தார். அவர் கண்ணில் பட்டது ஒரு துணிக் கணக்கு. சிறுவனின் 16 வயது அக்கா கான்ஸ்டன்ஸ் கென்ட்டுக்கு மூன்று இரவு உடைகள் என்று எழுதியிருந்தது. கையில் இருந்தவை இரண்டு. ரத்தம் பட்ட மூன்றாவதை அவள் அழித்துவிட்டாள் என்று கணித்து, அவளைக் கைது செய்தார். பெரிய வீட்டுப் பெண்ணின் மேல் சாதாரணப் போலீஸ்காரர் கை வைப்பதா என்று ஊரே கொதித்தது, அவள் விடுதலையானாள். 1865-இல் அவளே குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

ஊர்க் காவலருக்கு இந்தக் கூர்மை இல்லை. ஆனால் யார் வீட்டில் யார் வேலை செய்கிறார்கள், யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய சிக்கல் வேறு: மாஜிஸ்திரேட்டே பெரும்பாலும் ஊர்ப் பண்ணையார்தான். ரோடு கிராமத்தில், கொலை நடந்த வீட்டின் சமையலறை அடுப்படியில் ரத்தக்கறை படிந்த உள்ளாடை ஒன்று கிடைத்தது. உள்ளூர்ப் போலீஸ் அதை வெளியே சொல்லாமல் மறைத்தது.

தொடருக்கு நான் ஊர்க் காவலரைத்தான் தேர்ந்தெடுப்பேன். விச்சர் தோற்றாலும் லண்டனுக்கு ரயில் இருந்தது. இவரோ மறுநாள் காலை அதே தெருவில், அதே பண்ணையாருக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்ல வேண்டும்.