வாண்டுகளோடு பஸ், பறக்கும் ரயில், மெட்ரோ: சில ஆண்டு அனுபவம்

சென்னை மந்தைவெளியில் நாங்கள் நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில் மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளைச் சில ஆண்டுகளாக வெளியே அழைத்துப் போகிறோம். வேன் பிடிப்பதில்லை. மாநகரப் பேருந்து, தூண்கள்மேல் ஓடும் பறக்கும் ரயில், மெட்ரோ, இவைதான் எங்கள் வாகனங்கள். சேர்க்கைக்கு வரும் பெற்றோர் முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்த கேள்வி, "பஸ்ஸிலா கூட்டிக்கொண்டு போகிறீர்கள்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல வாசலில் நேரம் இருப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதுக்குப் பறக்கும் ரயில்தான் முதலிடம், அதன் படிக்கட்டுகள் நம் முழங்காலைப் பதம் பார்த்தாலும். பஸ் இரண்டாவது. மெட்ரோவில் பெரியவர்களுக்கு எல்லாமே வசதி. பிள்ளைகளுக்கு வேடிக்கை பார்க்க ஒன்றும் அகப்படாது.

செலவுக் கணக்கு ரசமானது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பேருந்தில் மூன்று வயது வரை இருந்த இலவசத்தை 2022இல் ஐந்து வயது வரை நீட்டினார்கள். எங்கள் ஆசிரியைகளும் ஆயாக்களும் பெண்கள், பிள்ளைகள் எல்லாம் சுண்டைக்காய்கள். ஆக, ஒரு வகுப்பே கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போய்த் திரும்பக் காலணா செலவில்லை. துணைக்கு வரும் ஏதாவது ஒரு தாத்தாவுக்கு மட்டும் டிக்கெட். ரயிலிலும் ஐந்து வயதுக்குள் இலவசம். பெரியவர்களுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய். மெட்ரோ மட்டும் வயதைக் கேட்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறது. 90 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் இலவசம். மூன்று வயது நிரம்பிய பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பார்கள். நான்கு வயதுக்காரர்கள் அனைவருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

இலவசத்தில் ஒரு சங்கடம் உண்டு. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. டிக்கெட் கையில் இல்லாமல் பஸ்ஸில் போவதா என்று ஒரு பொடியன் அடையாறு வரை அழுதுகொண்டே வந்தான். இப்போது பெரியவர்களின் சீட்டுகளைப் பாதுகாக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறோம். யார் யாரிடம் என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓடும் பஸ்ஸில் பஞ்சாயத்து.

பறக்கும் ரயிலில் எங்களுக்குப் பிடித்தது மந்தைவெளியிலிருந்து கோட்டூர்புரம். நடுவே கிரீன்வேஸ் சாலை ஒரு நிலையம்தான். ஆனால் அந்தச் சின்னத் தூரத்துக்குள் அடையாற்றைக் கடக்கிறது ரயில். தண்ணீர் தெரிந்ததும் பெட்டியே அதிரும்படி ஒரு கூச்சல். ஜன்னல் திறந்திருப்பதால் காற்று முகத்தில் அடிக்கும், ஆற்றின் வாடையும் சேர்ந்தே வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு கொக்கு எண்ணுவார்கள். இறங்கியபின் அண்ணா நூற்றாண்டு நூலகம்வரை நடை. 2010இல் திறந்த அந்த நூலகத்தில் குழந்தைகள் பிரிவுக்கு நடுவில் செயற்கை மரம் ஒன்று நிற்கிறது; அதன் அடியில் உட்கார்ந்து கதை கேட்பதுதான் நிகழ்ச்சி நிரல். மறுநாள் என்ன பார்த்தாய் என்று கேட்டால் பாதிப் பேர் மரத்தைச் சொல்வார்கள். மீதிப் பேர் ரயிலைச் சொல்வார்கள். புத்தகம் என்று சொல்பவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ரயில் ஏறுவது விளையாட்டுக் காரியம் இல்லை. நிலையத்தில் அரை நிமிடம் நின்றால் அதிகம். இந்தப் பெட்டிகளில் கதவுகள் தாமாக மூடுவதும் இல்லை. ஆகவே எங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஏறும் ஆயா பிள்ளைகளைத் தூக்கிவிடக் கை நீட்ட மாட்டார். நேரே நடந்து எதிர்ப்பக்க வாசலை மறித்து நிற்பார். அந்தப் பக்கமும் திறந்தேதான் கிடக்கும் என்பது நிறையப் பேருக்குத் தோன்றுவதில்லை. இரண்டாவதாக ஏறுபவர் உள்ளே நின்று வாங்குவார், மூன்றாமவர் நடைமேடையிலிருந்து கொடுப்பார். நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பிள்ளைகள் தாங்களாகத் தாண்டக் கூடாது. ஒவ்வொருவரையும் அக்குளில் பிடித்துத்தான் கடத்துகிறோம். கடைசியில் ஏறுபவர் நான். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கு குறைந்தால் அன்று பயணம் இல்லை. மகளிர் பெட்டி நடைமேடையில் எங்கே வந்து நிற்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு அங்கேயே காத்திருப்பது நல்லது. ஒரு ரயில் கூட்டமாக வந்தால் விட்டுவிடுவோம். அடுத்தது வராமலா போகும்?

முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக நடப்பது பார்க்க அழகு. அது தெருவுக்கு மட்டும். படிக்கட்டில் கயிறு கூடாது. ஒருவர் தடுக்கினால் அத்தனை பேரும் சரிவார்கள். தலையை எண்ணுவதைவிடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மேல். எண்ணும்போது இன்னொரு வீட்டுப் பிள்ளையும் கணக்கில் விழுந்துவிடும், பெயருக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் சட்டையில் பெயர் எழுதி ஒட்ட வேண்டாம். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லி அழைத்தால் மூன்று வயதுப் பிள்ளை தெரிந்தவர் என்றே நம்பும். காப்பகத்தின் தொலைபேசி எண் மட்டும் முதுகுப்பக்கத் துணியில் இருந்தால் போதும்.

பஸ்ஸில் சிக்கல் ஏறும் படி. பழைய வண்டிகளில் முதல் படியே பல பிள்ளைகளுக்கு இடுப்பு உயரம். 2024இல் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் வந்தபிறகு கொஞ்சம் நிம்மதி. தரையிலிருந்து தளம் 400 மில்லிமீட்டர்தான், நிறுத்தத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தும் கொடுக்கும். அது வரும் என்று காத்திருக்க முடியாது, வந்தால் அதிர்ஷ்டம். எந்த வண்டியானாலும், எல்லோரும் உட்காரும்வரை எடுக்க வேண்டாம் என்று நடத்துநரிடம் ஏறும்போதே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் விசில் கொடுக்காமல் காத்திருப்பார்கள். ஒரு முறை ஒருவர், "இதற்கெல்லாம் வேன் வைக்கக் கூடாதா?" என்று சலித்துக்கொண்டார். பின் இருக்கையில் இருந்த பூக்கார அம்மா அவருக்குப் பதில் சொன்ன விதத்தை இங்கே எழுத முடியாது.

உண்மையில் பஸ்ஸை நடத்திச் செல்வது இந்த அம்மாக்கள்தான். கேட்காமலே பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்வார்கள், மூக்கைத் துடைத்துவிடுவார்கள், அப்பா பெயர் என்ன என்று விசாரிப்பார்கள். மடி சரி. பிஸ்கட் கொடுத்தால்தான் தர்மசங்கடம். மறுத்தால் மனம் புண்படும், வாங்கினால் யாருக்கு எது ஒவ்வாது என்ற கவலை. "மிஸ் பையில் போடுங்கள், சாப்பாட்டுக்கு அப்புறம் தருகிறேன்" என்று வாங்கிவைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கைப்பேசியில் படம் எடுப்பவர்களிடம் மட்டும் தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. நேரே போய் அழிக்கச் சொல்வேன், அழிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன்.

மெட்ரோவுக்கு வருவோம். மின்தூக்கி உண்டு, கழிப்பறை சுத்தம், சுரங்க நிலையங்களில் தண்டவாள ஓரம் கண்ணாடித் தடுப்பு. ஆசிரியைகளுக்கு நிம்மதி. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகும்போது பார்க் டவுன் வரை பறக்கும் ரயிலில் போய், சென்ட்ரலில் மெட்ரோ பிடித்து அடுத்த நிலையத்தில் இறங்குவோம். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஒரு பெண் குழந்தை, "மிஸ், ராத்திரி ஆகிவிட்டதா? அம்மா வந்திருப்பாங்களே!" என்று உதட்டைப் பிதுக்கினாள். அவர்களுக்கு மெட்ரோவில் பிடித்ததெல்லாம் வாசலில் பைகளை விழுங்கி மறுபக்கம் துப்பும் சோதனை இயந்திரம்தான். அருங்காட்சியகத்தின் திமிங்கல எலும்புக்கூட்டுக்கு முன்னால்கூட அவ்வளவு நேரம் நின்றதில்லை. சிந்தாதிரிப்பேட்டை, கடற்கரை இடையே (பார்க் டவுனும் இதில் அடக்கம்) 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை நான்காவது பாதை வேலைக்காகப் பறக்கும் ரயிலை நிறுத்தியிருந்தார்கள்; அந்தக் காலம் முழுவதும் எழும்பூர்ப் பக்கம் நாங்கள் தலைகாட்டவில்லை.

எங்கே போவது என்பதைத் தீர்மானிப்பது இடம் அல்ல, கழிப்பறை. ஒரு நிலையத்தில் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் டீ குடிக்கப் போயிருந்தார். வரிசையில் ஒருவர் "ஒன்றுக்கு" என்றால் உடனே எல்லோருக்கும் வந்துவிடும் என்பது பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் இரண்டு பழைய துப்பட்டாக்களும் பையில் நிரந்தரம். டப்பா எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை; துப்பட்டா மறைவுக்கு.

மெரினாவுக்குப் பறக்கும் ரயிலில் போகலாமே என்று பலர் சொல்கிறார்கள். கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கிக் காமராஜர் சாலையைக் கடந்து, மணலில் நடந்து, அலையோரம் போய்ச் சேரும்போது பத்தரை மணி வெயில் மண்டையைப் பிளக்கும். அலுவலகக் கூட்டம் ஓய்ந்து பத்துக்கு மேல் கிளம்பி, பன்னிரண்டரைக்குள் சாப்பாட்டுக்குத் திரும்பும் எங்களுக்கு அது சரிவராது. மார்ச் முதல் ஜூன் வரை எங்கும் போவதில்லை. அக்டோபரில் மழை தொடங்கினால் பொங்கல் வரை மறுபடி ஓய்வு.

பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்க 2025இல் ரயில்வே வாரியம் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. மூடும் கதவும் ஓடும் மின்தூக்கியும் வந்தால் எங்கள் வேலையில் பாதி குறையும். ஜன்னலையும் சேர்த்து அடைத்துவிட்டால் என் தரவரிசையை மாற்ற வேண்டியிருக்கும். பஸ் முதலிடத்துக்கு வந்துவிடும்.

பெற்றோரிடம் ஒப்புதல் கையெழுத்தை முந்தின வாரமே வாங்கிவிடுங்கள். கிண்டிப் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை, அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. நாங்கள் புதன் அல்லது வியாழன்தான் போகிறோம்.