பருமனான உடலில் இதயக் காப்பு: நடையா, உணவுக் குறைப்பா?

இதயத்துக்குப் போகும் ரத்தத்தைச் சில நிமிடம் விட்டுவிட்டுத் தடுத்தால், பின்னால் வரும் நீண்ட அடைப்பை இதயம் தாங்கப் பழகும். 1986இல் நாய்களுக்கு 5 நிமிட அடைப்பை 4 முறை கொடுத்தபின், 40 நிமிட அடைப்பில் செத்த தசை கால்வாசியாகக் குறைந்தது. பருமனான விலங்குகளிடம் இந்தக் காப்பு பல ஆய்வுகளில் மங்கியது. பருமனால் இன்சுலினுக்குச் செல் சரிவர இணங்காதபோது உயிர்காக்கும் சமிக்ஞைகளும் தளர்கின்றன.

நாளெல்லாம் உட்கார்ந்து தைக்கும் திருப்பூர் பவர்டேபிள் டெய்லருக்கு எது முதலில்? அரிசிம்பருப்பு சாதத்தில் அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டினால் இடுப்புச் சுற்றளவு இறங்க உதவும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80க்குள் வேண்டும். பட்டினி கிடந்தால் தசையும் கரையும். வேக நடையோ, எடை இறங்குமுன்பே இதயத்துக்கு உதவத் தொடங்கும். வாரம் 150 நிமிடம். ஆகவே நடைதான் முதலில். நிறுத்தினால் பயனும் போய்விடும். நடக்கையில் நெஞ்சு இறுகினால் உடனே உட்காருங்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.